ஆறினால் விட்டுவிடும் பிரேக்: நின்றே கிடக்கும் பிக்கப்பில் ஒரு முன்சக்கரம் மட்டும் சூடாவது ஏன்?

வண்டி, ஒன்றேகால் டன் ஏற்றும் டீசல் பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் வேக்யூம் பூஸ்டர் உண்டு, ஏபிஎஸ் கிடையாது. தென்னந்தோப்பில் காய் வெட்டு நாளில் மட்டும் எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் கொட்டகை ஓரத்தில் பாதி உடம்பு மழையிலும் பாதி நிழலிலுமாக நிற்கும். மாதத்துக்கு 100 கி.மீ. ஓடினாலே அதிகம்.

புகார் இதுதான்: பத்துப் பன்னிரண்டு கி.மீ. போனதும் இடது முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை, ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுப்பு, நியூட்ரலில் விட்டால் உருளாமல் வண்டி நின்றுபோவது. அரை மணி நேரம் ஓரம்கட்டிவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

அந்தக் கடைசி அடையாளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்து, முறை வந்து, ஜாக்கியில் ஏறும்போது சக்கரம் ஆறியிருக்கும். கையால் சுற்றினால் சுற்றும். 'ஒன்றும் இல்லை, பேட் புதுசு, செட் ஆகணும்' என்று அனுப்பிவிடுவார்கள். அல்லது நேராகக் காலிப்பரை (பேட்களால் டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றிப் புதிது போடுவார்கள். பத்து நாளில் அதே வாடை திரும்பும். சூடாகப் பிடிக்கும் பிரேக்கைச் சூட்டோடுதான் சோதிக்க வேண்டும்.

முதலில் அளவு

சமதரையில் 12 கி.மீ., 40 கி.மீ. வேகம், முடிந்தவரை பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டம். நிறுத்துவதும் கியரை விட்டு உருண்டே நிற்கும்படி. இறங்கியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எடுத்த அளவுகள்: வலது முன் டிஸ்க் 68°, இடது முன் டிஸ்க் 214°, பின் டிரம்கள் 52°, 55°. வெளிவெப்பம் 33°.

இந்தத் தெர்மாமீட்டரில் ஒரு சூது உண்டு. பளபளப்பான உலோகத்தை உள்ளதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். பேட் தேய்க்கும் கண்ணாடி முகத்தில் குறிவைத்தால் பொய் சொல்லும். டிஸ்க்கின் துருப்பிடித்த வெளிவிளிம்பிலோ பேட்டின் ஓரத்திலோ குறிவைக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி இடமாக இருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரை டிஸ்க் விளிம்பில் தெளித்தாலே தெரியும். சொட்டோடு நிறுத்திக்கொள்ளவும். சூடான டிஸ்க்கில் வாளித் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், அல்லது நெளியலாம்.

அதே நேரத்தில் ஹப்பின் (பேரிங் உட்காரும் சக்கரக் குடம்) நடுமூடியையும் அளக்க வேண்டும். டிஸ்க்கைவிட ஹப் சூடாக இருந்தால் குற்றம் பிரேக்கில் இல்லை. பேரிங் நட்டை இறுக்கமாக முடுக்கியிருக்கிறார்கள், அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. இங்கே ஹப் 90°தான். சூடு டிஸ்க்கிலிருந்து உள்ளே போகிறது, உள்ளிருந்து வெளியே வரவில்லை.

எந்தச் சக்கரங்கள் சூடு என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நான்கும் சேர்ந்து பிடித்தால், அல்லது முன்னிரண்டும் ஒரே அளவாகப் பிடித்தால், காலிப்பர் பக்கமே போக வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), பூஸ்டர், பெடல் இந்த மூன்றில் ஒன்று. பின்னிரண்டு மட்டும் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள், பிறகு டிரம்முக்குள் அழுத்தும் ஷூவின் அட்ஜஸ்டர். ஒரே ஒரு சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸிலிருந்து பேட் வரை உள்ளதில் ஏதோ ஒன்று. இந்த வண்டி மூன்றாவது வகை.

அடுத்த அளவுக்குத் தேவைப்படுவது மார்க்கெட்டில் 50 கிலோ வரை தூக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைக் கியரில் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தருகே குனியக் கூடாது. டயரின் மேல் ஒரு சுற்றுக் கயிறு சுற்றி, நுனியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, மெல்ல ஒரே சீராக இழுக்கவும். சக்கரம் அசையத் தொடங்கும்போது காட்டும் எண் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவதே கணக்கு. பின்சக்கரத்தால் ஓடும் வண்டி என்பதால் முன்னால் கியர்பாக்ஸ் இழுவை குறுக்கிடாது.

வலது: 1.5 கிலோ. இடது: 9 கிலோ.

கையால் சுற்றிப் பார்த்து 'கொஞ்சம் டைட்டு' என்பதற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 9 கிலோ இழுவை என்றால் ஏறக்குறைய 88 நியூட்டன். 12 கி.மீ. தூரத்துக்கு அது பத்தரை லட்சம் ஜூல். 40 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்துக்கு 18 நிமிடம். ஆக, 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சக்கரத்துக்குள் வைத்து 18 நிமிடம் ஓடவிட்டதற்குச் சமம். எட்டுக் கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க்கை, காற்று ஆற்றாவிட்டால், 280 டிகிரிக்கு மேல் உயர்த்த இது போதும். தெர்மாமீட்டர் காட்டிய 214 பொய்யில்லை.

நிப்பிள் சொல்லும் சேதி

காலிப்பரைக் கழற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பேட்டை அழுத்திக்கொண்டிருப்பது எண்ணெயா, இரும்பா? எண்ணெய் என்றால் திரும்பிப் போக வேண்டிய பிரேக் ஆயில் எங்கோ அடைபட்டிருக்கிறது. இரும்பு என்றால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருவில் இறுகியிருக்கிறது. காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்றெடுக்கும் துளைத் திருகு) கால் திருகு திறந்தால் பதில் வந்துவிடும்.

என்ஜினை ஓடவிட்டு பெடலை மூன்று முறை அழுத்திமிதித்து விட்டபின் இடதுசக்கர இழுவை 14 கிலோ. பத்து நிமிடம் சும்மா விட்டுப் பார்த்தால் 9 கிலோ. தானாகவே மெல்ல இறங்குகிறது என்பது முதல் துப்பு. துருவில் இறுகிய பிஸ்டன் அப்படி இறங்காது. மறுபடி மிதித்து, நிப்பிளில் தெளிவான டியூபைச் செருகிப் பாட்டிலில் விட்டு, கால் திருகு திறந்ததும் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. காலை எடுத்து ஒரு நிமிடம் கழித்தும் பீய்ச்சுகிறது என்றால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. இழுவை 14-லிருந்து 4.5-க்கு இறங்கியது.

பாடப் புத்தகத்தில் இங்கே 'நிப்பிள் திறந்ததும் விட்டது, ஹோஸை மாற்று' என்று முடிந்துவிடும். 4.5 என்பது முடிவில்லை. வலது பக்கம் 1.5 இருக்கும்போது இங்கே மீதி 3 கிலோ எங்கிருந்து வருகிறது? அழுத்தம் முழுதும் போனபிறகும் ஏதோ இரும்பு பிடிக்கிறது. இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதில் எதை மட்டும் சரிசெய்தாலும் வண்டி பாதி குணமாகி, சில வாரத்தில் திரும்பி வரும். ஒரே கோளாறைத் தேடிப் போகிறவருக்கு இந்த வகை வண்டி பெரிய தலைவலி.

எண்ணெய் எங்கே அடைபடுகிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி மிதித்துச் சக்கரத்தை இறுக விட்டு, இம்முறை நிப்பிளைத் தொடாமல், சேஸிஸ் ஓரத்தில் இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் யூனியன் நட்டைத் தளர்த்தவும். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் அடைப்பு அதற்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாமல் பிடித்தே இருந்தால் அழுத்தம் அதற்குக் கீழே, ஹோஸுக்குள் சிக்கியிருக்கிறது. இங்கே இரண்டு சொட்டு கசிந்தது, சக்கரம் அசையவில்லை. ஹோஸ்தான்.

இந்த நட்டை ஓப்பன் ஸ்பேனரால் திருகக் கூடாது. வருடக்கணக்கில் திறக்காத நட் முனை மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு பைப்பையே வெட்ட வேண்டியிருக்கும். முந்தைய நாளே துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, ஃப்ளேர் நட் ஸ்பேனரால் (வண்டிக்கு வண்டி 10 அல்லது 11 மி.மீ.) பிடித்துத் திறக்கவும். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வர வேண்டும். ஹோஸைக் கட்டிங் பிளேயராலோ வைஸ் கிரிப்பாலோ நசுக்கிச் சோதிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நல்ல ஹோஸும் அதோடு கெடும்.

காலை எடுத்த பிறகும் ஏன் பிடிக்கிறது?

ஹோஸில் அடைப்பு என்றால் பிரேக் பிடிக்கவே கூடாதே, ஏன் விடாமல் பிடிக்கிறது என்று கேட்பார்கள். போகும்போது பூஸ்டரோடு சேர்ந்து கால் தள்ளுகிறது; எவ்வளவு சின்ன ஓட்டையாக இருந்தாலும் அந்த அழுத்தத்தில் ஆயில் புகுந்துவிடும். திரும்பும்போது தள்ள ஆளில்லை. டிஸ்க் பிரேக்கில் டிரம்முக்கு இருப்பதுபோல இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே நெளிந்து, விட்டதும் நிமிர்ந்துகொள்ளும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. திரும்பும் வழி நெடுக ஆயிலை நகர்த்துவது அந்த மயிரிழை பலம் மட்டுமே. வழி குறுகினால் தோற்றுப்போகும்.

பிடித்ததும் சூடு. சூட்டில் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் விரிகிறது. விரிந்தது மேலே போக வழியில்லாததால் பிஸ்டனைத்தான் தள்ளும். இன்னும் பிடிக்கும், இன்னும் சூடு. அதனால்தான் முதல் ஐந்து கி.மீ. நல்லபடியாகப் போய், பிறகு வேகமாக மோசமாகிறது. ஆறினால் ஆயில் சுருங்கும், மீதி அழுத்தமும் மெல்லக் கசிந்து மேலே ஏறிவிடும், பிரேக் விட்டுவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது எல்லாம் சரியாக இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

இந்தச் சுழலுக்கு ஒரு பயங்கரமான முடிவும் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 (DOT 3) ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205°. ஈரம் ஏறியதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சம் 140°. டாட் 4-க்கு இவை 230°, 155°. டிஸ்க் 200-ஐத் தாண்டி நின்றால் காலிப்பருக்குள் இருக்கும் பழைய ஆயில் கொதிக்க வெகுநேரம் ஆகாது. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும். பிடித்துக்கொண்டிருந்த பிரேக், தேவைப்படும் நேரத்தில் பெடல் தரைவரை போய் இல்லாமலாகும். ஆகவே 'கொஞ்சம் பிடிக்குது, பரவாயில்லை' என்று தள்ளிப்போட வேண்டிய கோளாறு இல்லை இது.

பிரித்துப் பார்த்ததில்

காலிப்பரை எடுத்ததும் ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டவும். பேட் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிட வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து, நனைத்துத் துடைக்கவும்.

உள்பேட் 4 மி.மீ., வெளிபேட் 8 மி.மீ. அதோடு உள்பேட் மேல்முனையில் தடிப்பு, கீழ்முனையில் மெலிவு. இந்தத் தேய்மானத்திலேயே எழுதியிருக்கிறது: காலிப்பர் பக்கவாட்டில் நகரவில்லை, இரண்டு ஸ்லைடு பின்களில் கீழ்ப்பின் இறுகியிருக்கிறது. மேல்பின் விரலாலேயே வந்தது. கீழ்ப்பின்னை ஸ்பேனர் போட்டு இருபக்கமும் மாறி மாறித் திருப்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே காவிநிறச் சேறு.

கீழ்ப்பின்னின் நுனியில் ஒரு ரப்பர் உறை இருக்கும் ரகம் இது. அந்த உறை உப்பிப் போயிருந்தது. துரு அதை உப்பவைக்காது. தப்பான கிரீஸ் உப்பவைக்கும். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் பெட்ரோலிய வகை. பிரேக் ரப்பர்கள் அதைக் குடித்து வீங்கும். எப்போதோ நல்ல எண்ணத்தில் டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்துத் தடவியிருக்கிறார்கள். காலிப்பர் பின்னுக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் தவிர வேறெதுவும் கூடாது. பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் இதே தவறுதான்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காலிப்பர் வாயில் மரக்கட்டை வைத்து, ஹோஸைக் கழற்றும் முன்பே பெடலை மெல்ல மிதித்துத் தள்ளிவிடலாம். கம்ப்ரஸர் காற்று வைத்தால் பிஸ்டன் தோட்டாபோல வரும். விரல் நடுவில் இருக்கக் கூடாது. பிஸ்டனின் குரோம் மேல் வெளிவிளிம்பில் கறை இருந்தது, சீல் உரசும் பகுதியில் குழி இல்லை. நகத்தால் இழுத்துப் பார்த்தால் தட்டக் கூடாது. தட்டினால் பிஸ்டனை மாற்றுவதுதான் வழி. உப்புத்தாளால் தேய்த்துக் குரோமை எடுத்துவிட்டு மாட்டினால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் துரு பிடிக்கும்.

பலரும் விட்டுவிடுவது சீல் உட்காரும் பள்ளத்தை. பழைய சீலை எடுத்துப் புதிய சீலைப் போட்டுவிடுவார்கள். நின்று கிடந்த வண்டியில் சீலுக்குப் பின்னால் வெண்மையும் காவியுமாகப் பொருக்குப் படிந்திருக்கும். அது சீலை உள்நோக்கி அழுத்தும். புதிய சீலும் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும், பின்னுக்கு இழுக்காது. மூங்கில் குச்சியைச் சீவி, பிரேக் ஆயிலில் தோய்த்த துணி சுற்றிப் பள்ளம் முழுக்கச் சுரண்டவும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். ஒரு கீறல் போதும், ஆயுளுக்கும் ஒழுகும்.

டிஸ்க்கில் நீலப் புள்ளிகள் இரண்டு. தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தது. டயல் கேஜில் ஆட்டம் 0.06 மி.மீ.; பொதுவாக 0.1-க்குள் இருந்தால் ஏற்கலாம், வண்டியின் கையேடு குறைவாகச் சொன்னால் அதுவே சட்டம். விரிசல் இல்லை. ஆகவே டிஸ்க் அப்படியே. பேட் இரு பக்கமும் சேர்த்துப் புதிது, ஏனென்றால் வெந்த பேட்டின் முகம் கண்ணாடியாகிவிட்டது. முன்பேரிங் கிரீஸ் உருகி ஹப் மூடிக்குள் வழிந்திருந்தது. கழுவி, புதிய உயர்வெப்ப கிரீஸ் நிரப்பி, சீல் மாற்றம்.

பேட்டின் முதுகுத்தகடு காது உட்காரும் பிராக்கெட் வாய்களில் கம்பிப் பிரஷ் போட்டுத் துருவை எடுத்தபின் புதிய பேட் கையால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். சுத்தியலால் தட்டி உட்காரவைத்த பேட், சூட்டில் இன்னும் இறுகும்.

இனி ஹோஸ். வெளியே பார்க்க விரிசல்கூட இல்லை. நடுவில் ஹோஸைச் சுற்றிப் பிடித்து சஸ்பென்ஷனில் போல்ட் போடும் தகட்டுக் கிளாம்ப் இருக்கிறதல்லவா, அதை ஒட்டி நீளவாக்கில் பிளந்ததும் தெரிந்தது. கிளாம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் நின்று, தகடு உள்பக்கமாகத் துருப்பிடித்து, பொருக்கு மேல் பொருக்காக உப்பியிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வெளியே போக வழியில்லாமல் ரப்பரை நசுக்கியிருக்கிறது. மற்ற இடங்களில் சைக்கிள் ஸ்போக் தாராளமாகப் போன துளை, கிளாம்புக்கு நேரே குண்டூசியை விடவில்லை. தினம் ஓடும் வண்டியில் காற்றும் சூடும் அந்த இடத்தைக் காயவைத்துவிடும். நிற்கும் வண்டியில் வாரக்கணக்கில் ஈரம் அங்கேயே குடியிருக்கும்.

ஹோஸ் கெடும் இன்னொரு விதம், உள்தோல் உரிந்து நாக்குபோல மடிந்து வால்வாகிவிடுவது. அதிலும் அடையாளங்கள் ஒன்றே, சோதனையும் ஒன்றே, மருந்தும் மாற்றுவதே. கம்பி விட்டுக் குத்திச் சரிசெய்கிற வேலை வேண்டாம்.

மாட்டுவது

போட்டவை: முன் ஹோஸ் இரண்டு, ஹோஸைக் காலிப்பரில் மாட்டும் பாஞ்சோ போல்ட்டுக்கான புதிய செம்பு வாஷர் நான்கு, காலிப்பர் சீல் கிட் இரண்டு பக்கத்துக்கும், ஸ்லைடு பின்களுக்கான பூட் கிட், பேட் செட், சிலிகான் கிரீஸ், டாட் 4 ஆயில் 500 மி.லி. டின் மூன்று. டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று எழுதிய சிலிகான் ஆயிலைக் கலக்கவே கூடாது, 5.1 வேறு, 5 வேறு.

ஹோஸ் மாட்டியதும் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பவும். எங்கும் உரசவும் இழுபடவும் கூடாது. பழைய செம்பு வாஷரை மறுபடி போட்டு மிச்சம் பிடித்து, பிறகு ஒழுகலைத் தேடி அலைய வேண்டாம்.

பிளீடிங்கில் (ஆயிலிலிருந்து காற்றெடுப்பதில்) மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பின் ஆக்ஸிலுக்கு மேலே சுமைக்கேற்ப அழுத்தம் மாற்றும் வால்வு இருந்து அதில் நிப்பிளும் இருந்தால் அங்கேயும் காற்றெடுக்க வேண்டும். பழைய ஆயில் டிக்காஷன் நிறத்தில் வந்தது. தெளியும் வரை விட்டதில் ஒன்றேகால் லிட்டர் போனது. மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள ஆயில் டப்பா (ரிசர்வாயர்) காலியாகாமல் ஒருவர் கண்வைத்தே இருக்க வேண்டும். சிந்திய ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.

நின்று கிடந்த வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை. பிளீடிங் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போய்வரும் பகுதி மட்டும்தான் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் படிவும் இருக்கும். தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். முன்பிரேக் வேலைக்கு வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டர் போய் நிற்பது இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் போதும்.

பின்பக்கம் சூடு இல்லாவிட்டாலும் டிரம்மைத் திறந்து பார்த்தாயிற்று. வீல் சிலிண்டர் பூட்டைத் தூக்கியதில் ஈரமில்லை. ஷூ உட்காரும் தகட்டு மேடைகளில் துரு, சுரண்டி உயர்வெப்ப கிரீஸ் ஒரு பொட்டு. இடது ஹேண்ட் பிரேக் கேபிள் இழுத்தால் வருகிறது, விட்டால் சோம்பலாகத் திரும்புகிறது. அதையும் மாற்றியது நல்லது.

ஒரு சக்கரம் மட்டும் என்றில்லாமல் எல்லாமே பிடித்தால்

இந்த வண்டிக்குத் தேவைப்படவில்லை, ஆனால் அடுத்த வண்டிக்குத் தேவைப்படும். மாஸ்டர் சிலிண்டருக்குள், பெடலை முழுக்க விட்டபோது மட்டும் திறக்கும் ஒரு மிகச்சிறிய துளை ரிசர்வாயருக்கு வழிவிடுகிறது. சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் மேலேறும். படிவு அதை அடைத்தாலோ, பெடலில் ஃப்ரீ பிளே (சும்மா அசையும் இடைவெளி) இல்லாமல், பெடலின் தள்ளு கம்பியான புஷ்ராட் பிஸ்டனைத் தள்ளியே வைத்திருந்தாலோ, எல்லாச் சக்கரமும் மெல்ல மெல்லப் பிடிக்கும். பிடித்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை 3 மி.மீ. முன்னால் நகர்த்தவும். பிரேக் விட்டால் புஷ்ராட் நீளம், பெடல் அமைப்பு அல்லது பூஸ்டரில் கோளாறு. விடவில்லை என்றால் சிலிண்டரின் பைப் நட்டைத் தளர்த்தவும். அதில் விட்டால் சிலிண்டருக்குள்ளேயே அடைப்பு. என்ஜின் ஓடும்போது மட்டும் பிடித்து, நிறுத்திப் பெடலை நாலைந்து முறை மிதித்து வேக்யூமைத் தீர்த்ததும் விட்டுவிடுகிறது என்றால் பூஸ்டர் வால்வு.

காற்று பிரேக் உள்ள பெரிய லாரிக்கு இந்த வழிமுறை எதுவும் பொருந்தாது. அதன் ஸ்பிரிங் சேம்பரைப் பழகாதவர் பிரிக்கவே கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

மறு அளவு

புதிய பேட் படிய 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக இறக்கி, அரை கி.மீ. ஓடவிட்டு ஆற்றி, மறுபடி. இப்படிப் பத்து முறை. நடுவில் முழுக்க நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஸ்டாண்டில் தூக்கி, மூன்று முறை அழுத்திமிதித்து விட்டதும் இடது 1.6 கிலோ, வலது 1.5. அதே 12 கி.மீ., அதே வேகம்: இடது 71°, வலது 67°, பின்னிரண்டும் ஐம்பத்துச் சொச்சம். மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதும் இடது 70-ஐ ஒட்டியே.

இனி நிறுத்தும் முறையில் மூன்று மாற்றம். ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் விடாமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை. கழுவியதும், மழையில் வந்ததும் அப்படியே நிறுத்தாமல், இரண்டு மூன்று கி.மீ. ஓட்டிப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்த பிறகே நிறுத்தம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 கி.மீ. ஓட்டம், முற்றத்தில் என்ஜினை மட்டும் ஓடவிடுவது பேட்டரிக்கு ஆகும், பிரேக்குக்கு ஆகாது. ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கி.மீ. கணக்குப் பார்க்காமல்.

புதிய ஹோஸ்களின் கிளாம்புக்கு அடியில், தகடு ரப்பரைத் தொடும் ஓரம் நெடுக, சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்காதிருக்க.

கழற்றிப் போட்ட வலது ஹோஸையும் பிளந்து பார்த்தோம். 68 டிகிரியில், 1.5 கிலோவில், குறையே சொல்லாமல் ஓடிய பக்கம். கிளாம்புக்கு அடியில் அதே பொருக்கு, துளை பாதியாகியிருந்தது.